போன் வாங்கப் போகும்போது ஒரு வாழை இலையையும் எடுத்துச் செல்லுங்கள்!

“எங்களுக்குப் படவேட்டில் ஒரு ஏக்கர் கழனியும் கொஞ்சம் வாழையும் உள்ளன. வீட்டில் ஒரு பட்டுத்தறி ஓடுகிறது. இருந்த ஒரே ஸ்மார்ட்போனும் மருந்து அடிக்கும்போது நனைந்து கெட்டுவிட்டது. வாழைத்தார் விற்ற பணத்தில் 15,000 ரூபாய்க்குள் புதிய போன் வாங்க வேண்டும். கடையில் 108 மெகாபிக்சல், 6,000 எம்.ஏ.ஹெச் என்று சொல்கிறார்கள். பேட்டரி, கேமரா, உறுதி இவற்றில் எதை முதலில் பார்ப்பது?”

- வாசகி, படவேடு.

கழனிக்குப் போகும் போனுக்கு முதலில் பேட்டரி, அடுத்து உறுதி, மூன்றாவதாகக் கேமரா என்று வரிசைப்படுத்திக் கொள்ளலாம். சார்ஜ் இல்லாத போனிலும், உடைந்த போனிலும் நல்ல கேமரா இருந்து பயனில்லை. பெட்டியில் அச்சிட்ட எண்களை மட்டும் நம்பாமல், செய்யப்போகும் வேலையை வைத்து சோதித்துப் பார்த்து வாங்குவதே முக்கியம்.

பேட்டரி: 5,000 எம்.ஏ.ஹெச் இருந்தால் சாதாரண உபயோகத்துக்கு ஒரு நாள் முழுக்கத் தாங்கும். ஆனால், படவேடு போல மலை சூழ்ந்த ஊர்களில் சிக்னல் குறையும் இடங்கள் உண்டு. டவரை எட்டிப் பிடிக்க போன் கூடுதல் சக்தியைச் செலவழிப்பதால், பெரிய பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். எனவே, உங்கள் நிலத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று பார்த்து சிம் போடுங்கள். 5ஜி சரியாகக் கிடைக்காத இடத்தில், செட்டிங்ஸில் 4ஜிக்கு மாற்றி வைத்தால் சார்ஜ் மிச்சமாகும்.

பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. டிராக்டர் மேலோ, மோட்டார் கொட்டகையின் தகரக் கூரையிலோ வெயிலில் போனை வைக்கக் கூடாது. சூடாக இருக்கும் போனை ஆறவிட்டு சார்ஜ் போட வேண்டும். 20 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கவிடாமல், 80 சதவிகிதம் வந்ததும் சார்ஜரைக் கழற்றிவிட்டால் பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும்.

உறுதி: பெட்டியில் ‘ஐ.பி’ என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் தூசுக்கும், இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கும் உரியவை. ஐ.பி 54 என்றால் சாரல், தெறிப்பு தாங்கும். தண்ணீரில் விழுந்தால் தாங்காது. ஐ.பி 67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் வரை தாங்க வேண்டும். ஆனால், இந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடக்கிறது. பூச்சிமருந்துக் கரைசல், சோப்புத் தண்ணீர் ஆகியவற்றுக்கு இது உத்தரவாதம் ஆகாது. தண்ணீர் புகுந்து பழுதானால் பெரும்பாலான நிறுவனங்கள் வாரன்டி தருவதில்லை. அதனால், மருந்து அடிக்கும் நாளில் போனை வீட்டிலோ, வரப்பில் ஒரு டப்பாவுக்குள்ளோ வைத்துவிடுவது நல்லது. அவசரப் பேச்சுக்கு ஒரு பட்டன் போன் போதும்.

பின்பக்கம் கண்ணாடியாக இருப்பதைவிட பிளாஸ்டிக்காக இருப்பதே கழனிக்கு ஏற்றது. கீழே விழுந்தால் சுலபத்தில் நொறுங்காது. சட்டைப் பையில் ஒட்டியிருக்கும் மணல், திரையைக் கீறிவிடும். ஆகவே டெம்பர்டு கிளாஸும் ரப்பர் உறையும் அவசியம்.

கேமரா: 108 மெகாபிக்சல் போனில்கூட, பல புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து வழக்கமாக 12 மெகாபிக்சல் படமே பதிவாகும். ‘மூன்று கேமரா’ என்பதில் ஒன்றிரண்டு 2 மெகாபிக்சல் கேமராவாக இருப்பதும் உண்டு. அவற்றால் பெரிய பயன் இல்லை. பிரதான கேமரா கிட்டத்தில் தெளிவாக எடுக்கிறதா என்பதே கேள்வி.

கடைக்குப் போகும்போது புள்ளி விழுந்த வாழை இலைத்துண்டு ஒன்றையும், பட்டுப் புடவை ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் போனை வாங்கி, வாசலில் வெளிச்சத்தில் இலையை ஒரு சாண் தூரத்திலிருந்து படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளியின் நடுநிறமும் ஓரமும் பிரிந்து தெரிய வேண்டும். வேளாண் அலுவலருக்குப் படம் அனுப்பி நோயைக் கேட்க அதுதான் தேவை. அடுத்து புடவையின் பார்டரை எடுத்து, படத்தில் உள்ள நிறத்தையும் கையில் உள்ள நிறத்தையும் ஒப்பிடுங்கள். அரக்கு நிறம் சிவப்பாகத் தெரிந்தால், புடவை வாங்குபவரிடம் பிறகு சங்கடம்தான். வெயிலில் திரையில் எழுத்து தெரிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

முன்பக்கக் கேமராவையும் சோதியுங்கள். பி.எம்.கிசான் செயலியில் முகத்தைக் காட்டி இ-கே.ஒய்.சி முடிக்கும் வசதி 2023 ஜூன் மாதம் அறிமுகமானது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும் திட்டத்துக்கு இது உதவும் விஷயம்.

வெளிநாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் புதிய மாடல்களில், ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் ஓடும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதை அட்டையில் அச்சிட வேண்டும். 800 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவிகிதத் திறன் மிஞ்ச வேண்டும் என்பதும் அங்கே விதி. தினமும் ஒருமுறை முழு சார்ஜ் என்று கணக்கிட்டால், இரண்டு ஆண்டுகளுக்கு மேல். நம் ஊர்க் கடைகளில் அப்படி ஓர் அட்டை இல்லாததால், நாமே கேட்டுச் சோதித்துத்தான் வாங்க வேண்டும்.

பழைய போன் வாங்குவதாக இருந்தால், அதில் *#06# அழுத்துங்கள். திரையில் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம் என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து, இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். முடக்கப்பட்டது, போலி என்று பதில் வந்தால் அந்தப் போன் வேண்டாம்.

புதிய போனுக்கு ஐ.எம்.இ.ஐ எண் எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். பிரச்னை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்ய அந்தப் பில்தான் ஆதாரம். கையில் உள்ள பணம் போதவில்லை என்றால் கடன் வாங்கி விலை உயர்ந்த போனுக்குப் போக வேண்டியதில்லை. பயிர்ச் சந்தேகம் கேட்க, கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற இலவச எண்ணில் பட்டன் போனிலிருந்தே தமிழில் பேசலாம்.