பெயர் மாறினால் நோயாளியும் மாறுவாரா?

செலண்டார் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் தாத்தாவுக்கு இரண்டு பெயர்கள். அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், மருத்துவமனைப் பதிவில் இன்னொன்று. கிராணி எழுதியதே பெயர் என்றிருந்த காலத்தவர் அவர்! உலோக இருதய வால்வு பொருத்திய பின், மறுபரிசோதனைக்குப் போனோம். கணினியில் பெயரைத் தட்டிய ஊழியர் "பதிவே இல்லை" என்று சொல்லி, புதிய பதிவைத் திறந்துவிட்டார். வார்ஃபரின் அளவு பழைய பதிவில் கிடந்தது. அம்மருந்து குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும். கூடினால் இரத்தக் கசிவு. பாட்டி பிளாஸ்டிக் பையில் பத்திரப்படுத்தியிருந்த மருந்துப் புத்தகம்தான் அன்று கைகொடுத்தது.

அதற்காகக் கணினியைக் குறை சொல்பவன் அல்லன் நான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் மருத்துவமனையில் குழந்தைகளின் இருதய அறுவைச் சிகிச்சை பற்றிய விசாரணை அறிக்கை 2001-இல் வெளிவந்தது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக இறந்திருந்தனர். தகவல்கள் அங்கே ஏராளமாக இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கேள்வி கேட்கத்தான் முறையான ஏற்பாடு இல்லை. நம் நாட்டில் செலாயாங் மருத்துவமனை 1999-இலேயே காகிதமில்லா முறையில் தொடங்கியது. 2006-இல் தொடங்கிய தேசிய இருதய நோய்ப் பதிவேட்டில், மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடே உள்ள இந்தியர்களின் பங்கு அதைவிட மிக அதிகம். அந்த எண்ணிக்கைக்குள் நம் வீட்டுப் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: பெயரை வைத்து நோயாளியைத் தேடக்கூடாது. 12 இலக்க அடையாள அட்டை எண்ணே தரவுத்தளத்தின் சாவியாக இருக்கட்டும். 'ஏ/எல்' போட்டுத் தந்தை பெயரைச் சேர்க்கும் நமக்குக் 'குடும்பப் பெயர்' என்ற கட்டமே பொருந்தாது. (அதில் தாத்தாவின் அப்பா பெயரைப் போட்டு, அந்தப் பெயரால் தாத்தாவை அழைத்த கூத்தும் நடந்தது!) அறுவை முடிந்து வீடு திரும்பியவரின் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் அதே பதிவில் ஏற வேண்டும், ஊர்க் கிளினிக் மருத்துவரும் அதைப் பார்க்க முடிய வேண்டும்.

சிவப்பு அடையாள அட்டைக்காரருக்கும் எண் உண்டு. எந்த அட்டையுமே இல்லாத தோட்டத்துக் கிழவிக்கு? மருத்துவமனையே ஓர் எண்ணை வழங்கி, அட்டையில் அச்சிட்டுக் கையில் கொடுக்கட்டும். மறுமுறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அந்த எண் செல்ல வேண்டும். கணினித்துறையில் பயிலும் நண்பர்களே, இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா?