மூன்று பேர் சரிபார்த்தும் நழுவிய 6,700 கோடி ரூபாய்!

பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன் டி.டி.பி. அடிப்பவர், அச்சகக்காரர், பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எனக் குறைந்தது நாலு பேர் பார்த்துவிடுவார்கள். அப்படியும் தாய்மாமன் பெயர் விட்டுப்போவது உண்டு. 'இன்னொருத்தர் பார்த்திருப்பார்' என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுவதுதான் காரணம். உலகின் பெரிய வங்கிகளில் ஒன்றான சிட்டி பேங்க் தலைகுனிந்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

என்ன நடந்தது?

2020 ஆகஸ்ட் 11. அழகுசாதன நிறுவனமான ரெவ்லான் வாங்கிய கடனுக்கு, கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியைப் பிரித்து அனுப்பும் வேலை சிட்டி பேங்க்குடையது. அனுப்ப வேண்டியது 78 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 58 கோடி ரூபாய். ஆனால் அசலும் சேர்ந்து ஏறக்குறைய 90 கோடி டாலர், அதாவது சுமார் 6,700 கோடி ரூபாய் போய்விட்டது. அதுவும் வங்கியின் சொந்தப் பணம்!

அந்தத் தொகையைக் கணினியில் பதிந்தவரும், அதைச் சரிபார்த்தவரும் வங்கிக்காக இந்தியாவிலிருந்து வேலை பார்த்த விப்ரோ ஊழியர்கள். கடைசி ஒப்புதல் தந்தவர் அமெரிக்காவில் இருந்த வங்கி அதிகாரி.

மென்பொருளில் அசல் வெளியே போகாமல் தடுக்க, மூன்று கட்டங்களில் வங்கியின் உள்கணக்கு எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் கொடுத்தாலே போதும் என்று மூவருமே நம்பினார்கள். 'பணம் வெளியே போகப்போகிறது, தொடரலாமா?' என்கிற மாதிரி ஓர் எச்சரிக்கையும் திரையில் வந்தது. எவ்வளவு பணம் என்று அது சொல்லவில்லை.

மறுநாள் தவறு தெரிந்தபோது, முதலில் மென்பொருள் கோளாறாக இருக்கும் என்றே நினைத்தார்கள். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு அறிவிப்புகள் பறந்தன. சிலர் கொடுத்தார்கள். சுமார் 50 கோடி டாலர் மட்டும் வரவில்லை. 'திருப்பித் தர வேண்டாம்' என்று 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அந்தத் தீர்ப்பு மாறியது.

நமக்கு என்ன பாடம்?

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் யாரோ ஒரு வாடிக்கையாளருக்காகத் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரிலேயே இருப்பவர்களுக்கும் ஆடிட்டர் அலுவலகம், இ-சேவை மையம், தேங்காய் மண்டிக் கணக்கு என்று அடுத்தவர் காரியம் கையில் இருக்கிறது.

* இரண்டாவது ஆள் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். முதல் ஆள் பார்த்த அதே கட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினால் பயனில்லை. 'கடைசியில் எவ்வளவு போகிறது, யாருக்குப் போகிறது?' என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் சிட்டி பேங்க் தப்பித்திருக்கும்.

* திருத்த முடியாத இடம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்துவிட்டால் அதையே திரும்பத் திருத்த முடியாது. அப்படிப்பட்ட பொத்தானை அழுத்தும் முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

* பணம் அனுப்பும்போது பெயரைப் பாருங்கள். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். மூலம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அது நமக்காகத்தான்.

* தவறு நடந்துவிட்டால் உடனே சொல்லுங்கள். 'நான் இதைச் செய்தேன், இது இப்படி ஆகிவிட்டது, இப்போது இதைச் செய்யலாம்' என்று மூன்றே வரி போதும். காரணத்தைச் சாவகாசமாகத் தேடிக்கொள்ளலாம்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. தவறைச் சொன்ன பையனை எல்லார் முன்னாலும் திட்டினால், அடுத்த தவறு உங்கள் காதுக்கு வராது; வாடிக்கையாளர் சொல்லித்தான் உங்களுக்கே தெரியவரும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பிள்ளை, 'சார், தப்பு பண்ணிட்டேன்' என்று பயப்படாமல் வந்து நிற்கிற அலுவலகத்தில்தான் நஷ்டம் சின்னதாக இருக்கும்போதே பிடிபடும்.