பழைய ஆளைத் தேடாதீர்கள்!



2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்த நாள்முதல், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக உயிரைப் பணயம் வைத்து உழைத்த பூமி இது. அன்று நின்றது சுரங்கம் மட்டுமல்ல. நம் வீட்டு அடுப்புகளும்தான்.

பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போனவர்கள் பலர். அவர்களில் சிலர் இன்று திரும்பி வருகிறார்கள். கட்டட வேலையில் கையை இழந்தவர் வருகிறார். கணவனைப் பறிகொடுத்த பெண் பிள்ளைகளோடு வருகிறாள். நாம் அவர்களை எப்படி வரவேற்கிறோம்?

"எப்படி இருந்த ஆள், இப்படி ஆகிவிட்டாரே!" என்று காதுபடப் பேசுகிறோம். நடந்ததைத் துருவித் துருவிக் கேட்கிறோம். கல்யாண வீட்டில் அந்தப் பெண்ணை ஓரமாக உட்கார வைக்கிறோம். இதுவா உழைக்கும் மக்களின் பண்பாடு?

பாறை வெடித்த செய்தி கேட்டால் சுரங்க வாயிலுக்கு ஓடோடிப் போன மக்கள் நாம். ஆனால் உயிர் தப்பி வெளியே வந்தவர் அதன்பின் வாழ்ந்த வருடங்களில் எத்தனை பேர் அவரோடு இருந்தோம்? 1940களில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், சோதிக்கப்பட்ட தொழிலாளரில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிகோசிஸ் கண்டிருந்தது. கல்தூசி படிந்த நுரையீரலோடு இருமியபடியே அவர்கள் வாழ்ந்தார்கள். சாவுக்குக் கூடிய கூட்டம் அந்த இருமலுக்குக் கூடவில்லை.

இலங்கை மலையகத் தமிழரின் கதையையும் எண்ணிப் பாருங்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. வந்து சேர்ந்தவர்களைத் தாயகத்தில் 'சிலோன்காரர்கள்' என்றே அழைத்தார்கள். குடியுரிமையைக் காகிதம் கொடுத்தது. உறவைக் கொடுக்க வேண்டியவர்கள் அக்கம்பக்கத்தார் அல்லவா? கூலிகளாய் இங்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாமும் அதே தவற்றைச் செய்யலாமா?

நஷ்டஈடும் பென்ஷனும் வேலையும் அரசிடம் போராடிப் பெற வேண்டிய உரிமைகள். அந்தப் போராட்டத்தை விட மாட்டோம். ஆனால் மரியாதை கொடுக்க எந்த சர்க்கார் உத்தரவும் தேவையில்லை.

ஆகவே நம் வேண்டுகோள் இதுதான். அவர்களாகச் சொல்லும்வரை நடந்ததைக் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் ஒருவர் துணைக்குப் போங்கள். சங்கத்தில் அவர்களை மனு கொடுக்க வந்தவர்களாக வாசலில் நிறுத்தாமல், உறுப்பினராக உட்கார வைத்து ஒரு பொறுப்பைக் கொடுங்கள். கையிழந்தவருக்குக் கணக்கு எழுதத் தெரியும். துயரைக் கடந்த பெண்ணுக்கு மற்றப் பெண்களின் துயரம் புரியும்.

போனவர் அப்படியே திரும்பி வரப்போவதில்லை. வந்திருப்பவரை, வந்திருக்கும்படியே ஏற்றுக்கொள்வோம். அவர் மறுபடி எழுந்து நிற்க நம் தோளைக் கொடுப்போம்!