நனைந்தால் செல்லாத உத்தரவாதம்

‘தண்ணீர் புகுந்திருக்கிறது, வாரண்டியில் வராது.’ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போன திருச்சிராப்பள்ளிக்காரர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கமானது. நான்கே சொற்கள். தண்ணீர் எவ்வழியே புகுந்தது, எந்த உறுப்பைக் கெடுத்தது, அவ்வழி திறந்திருந்தது எவர் பிழை என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இல்லை. ஆயினும் தீர்ப்பு மட்டும் இருக்கிறது.

இலக்கியம் பேசும் இடத்தில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று கறாராகக் கேட்பது நம் வேலைதான் என்றால், ‘உத்தரவாதம்’ என்ற சொல்லின் பொருள் மழைக்காலத்தில் கரைந்துபோவதைக் கேட்பதும் நம் வேலையே.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கான பொறுப்பு. வெள்ளத்துக்கான காப்பீடு அன்று. இடுப்பளவு நீரில் வண்டியை இறக்கி, நின்றுபோன எஞ்சினை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டவர் நிறுவனத்தை நோவதில் பொருளில்லை. இதை நாம் மறுக்கவில்லை. நாம் மறுப்பது, மழையையும் வெள்ளத்தையும் ஒன்றாக்கும் சாமர்த்தியத்தை.

மழைநீரால் எஞ்சின் நிற்கும் வழிகள் முக்கியமாக மூன்று. ஒன்று மின்சாரத்தின் வழி. ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் மூடி இறுக்கமாக அமராவிட்டாலோ, பிளக் அமர்ந்துள்ள குழியில் நீர் வடிவதற்கான சிறுதுளை அடைபட்டாலோ, தீப்பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் ஈரத்தின் வழியே கசிந்துவிடும். இரண்டாவது பெட்ரோலின் வழி. டேங்க் மூடியைச் சுற்றித் தேங்கும் நீர் வடிகுழாய் அடைபட்டால் டேங்கினுள் இறங்கும். மூன்றாவது காற்றின் வழி. ஏர் ஃபில்டரைக் கடந்து சிலிண்டருக்குள் நீர் நிரம்பினால், காற்றைப் போல நீர் அமுங்காது என்பதால், பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராட் வளையும். இந்த மூன்றாவதற்குத்தான் பெரும்பாலும் வெள்ளம் வேண்டும். முன்னிரண்டுக்கும் சாதாரண மழை போதும். அவற்றைத் தடுப்பவை ரப்பரும் துளையும் குழாயும். அமைத்தவர் தயாரிப்பாளர், இலவச சர்வீஸில் சரிபார்க்க வேண்டியவர் அவருடைய முகவர். மூன்றையும் ‘தண்ணீர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால், அவர்கள் பொறுப்பும் அதிலேயே மூழ்கிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மின் இணைப்புகள் மீது நீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள் என்று உரிமையாளர் கையேடுகள் எச்சரிக்கின்றன. அதே நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில், வண்டியை விட்டவுடன் முதலில் நடப்பது என்ன? பிரஷர் பம்பு வைத்து வாட்டர் வாஷ்! அவர்கள் பம்பின் நீருக்குத் தாங்கும் எஞ்சின், வானத்து நீருக்கு மட்டும் தாங்க வேண்டியதில்லையாம்.

திருவரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். மாம்பழச்சாலையில் ஏறிச் சிந்தாமணியில் இறங்கும் 1976ஆம் ஆண்டுப் பாலத்தின் மேல்தான் தீவுவாசிகளுள் பெரும்பாலோர் நகரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். பாலத்தின் நடுவே ஒதுங்கக் கூரை கிடையாது. மழையென்றால் மேலப்புதூர் சுரங்கப்பாதையில் நீர் தேங்குவது ஊரறிந்த செய்தி. வடகிழக்குப் பருவமழையோ ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவது. இந்த ஊரில் வண்டி விற்கிறவருக்கு மழை எதிர்பாராத விபத்து ஆகுமா? 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமே, பொருள் அதன் நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனையைப் பேசுகிறது. மழையில் ஓடாத மோட்டார் சைக்கிள் எந்த நோக்கத்துக்குப் பொருந்தும்?

முன்பெல்லாம் தெருமுனை மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைத்து, கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி நீரை வடித்து, பத்து நிமிடத்தில் அனுப்பிவைப்பார். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின், புது வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் இன்ஜெக்ஷனும் சென்சார்களும் பிடித்துக்கொண்டன. வெளியில் பிரித்தால் வாரண்டி போய்விடும் என்ற மிரட்டல் வேறு. காப்பீட்டு நிறுவனத்திடம் போனால், வெள்ளத்துக்குக் காப்பு உண்டு, ஆனால் எஞ்சின் கெட்டது ‘பின்விளைவு இழப்பு’, தனிப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும் என்பார்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் சிறிதளவு நீர் சேர்ந்தாலும் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். 20 விழுக்காட்டுக் கலப்பு பரவிவிட்ட இந்நாளில், பங்க்காரர் வண்டியைக் கைகாட்ட, முகவர் பங்கைக் கைகாட்ட, நடுவில் நிற்பவர் வண்டி தள்ளுகிறவர்.

நம் குழுவினருள் ஒருவரின் எட்டு மாத வண்டி, நீர் தேங்காத அம்மா மண்டபம் சாலையில், வெறும் மழையில் நின்றது. முகவரிடம் அதே நான்கு சொற்கள். ‘எந்த உறுப்பில், எவ்வழியே என்று எழுதி, கையொப்பமிட்டுத் தாருங்கள்’ என்று கேட்டோம். அதன் பிறகுதான் வண்டியைப் பிரித்தே பார்த்தார்கள். பிளக் மூடியும் காயிலும் வாரண்டியிலேயே மாற்றப்பட்டன. அதுவரை சொல்லப்பட்டது ஆய்வு முடிவன்று, மனப்பாடம்.

திருவரங்கம் கோயிலின் சுவர்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் அவையே. கொடை நிலமென்றால் நான்கெல்லையையும், விளக்கென்றால் கொடுத்த பொருளையும், பொறுப்பேற்றவரையும் பெயர்த்துச் சொல்லி, சந்திர சூரியர் உள்ளவரை என்று முடிப்பது அக்காலத்து ஆவண மரபு. அதுவும் ஊரார் பேசும் மொழியில், எல்லோரும் காணும் சுவரில். நம் வாரண்டியோ பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. ஐந்தாண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது என்கிறது. ‘நீர்’ என்றால் எதுவரை மழை, எதிலிருந்து வெள்ளம் என்று எல்லை சொல்வதில்லை. எல்லை சொல்லாத ஆவணம் எழுதியவருக்கே உதவும்.

ஆகவே அன்பர்களே, புது வண்டி கேட்கவேண்டாம். வாரண்டி என்பது பழுதான உறுப்பைச் சீராக்கவோ மாற்றவோதான், முழு வண்டியையும் மாற்ற அன்று என 2006இல் மாருதி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த உறுப்பைக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்; பிரித்த பாகத்தைப் படமெடுங்கள். எழுத மறுத்தால் நீங்களே கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் முறையிடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை; பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆய்வகச் சோதனையின்றிக் குறையை அறிய இயலாதெனில், சோதனைக்கு அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு.

நிறுவனங்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். மழை எது, வெள்ளம் எது என்று வாரண்டிப் புத்தகத்தில் தமிழில் எழுதுங்கள். எழுதும்வரை, நனைந்த வண்டிக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுடையதே.