எடுக்குமுன் வரைக

மர்மப்படம் எடுக்க விழையும் மாணவர் முதலில் தேடுவன இருளும் பாழ்மாளிகையுமே. விளாத்திகுளத்து மாணவர்க்கு அவை வேண்டுவதில்லை. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பரந்த கரிசற்காட்டில், நண்பகலில், ஒரு புள்ளி தோன்றி மெல்ல மெல்ல மனித உருவாக வளர்கின்றது. வருபவர் யார்? மறைவிடமே இல்லாத வெளியில் எழும் இவ்வினா, இருளினும் மிகுதியாக நெஞ்சைப் பிணிக்கும்.

அப்புள்ளி எத்தனை காட்சிகளில் வளர வேண்டும்? வருபவர் யாரெனக் கதைமாந்தர் முதலில் அறிவதா, காண்போர் அறிவதா? இவற்றைப் படக்கருவியைக் கையில் ஏந்திய பின்னர்ச் சிந்தித்தல் ஆகாது. தாளில் கட்டமிட்டு, காட்சிகளை நிரலே வரைந்துகொள்ளல் வேண்டும். இதனைக் கதைப்பலகை என்பர். இதற்கு ஓவியப் புலமை வேண்டியதில்லை, கோட்டுருவமே போதும்.

1954-ஆம் ஆண்டில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாடலும் நடனமும் இன்றி, கொலையாளி யார் என்னும் ஒரே வினாவால் நடைபெறுகின்றது. எதனை எப்போது வெளியிடுவது என்னும் ஒழுங்கே அதன் வலிமை. 1955-இல் வெளியான ‘பதேர் பாஞ்சாலி’யின் காட்சிகளைச் சத்தியஜித் ராய் முன்னரே வரைந்து வைத்தார். பொருள்முட்டால் படப்பிடிப்பு பன்முறை தடைப்பட்டபோதும் அவ்வரைவுகள் அவருக்கு இருந்தன.

முன்வரைவு கற்பனைக்கு விலங்காகும் என்பார் உளர். அது பொருந்தாது. கரிசல் உழவர் மழைக்கு முன்னரே நிலத்தை உழுதுவைப்பர். எதிர்பாராது பெய்யும் மழையையும் ஏற்பது உழுத நிலமே. தாளில் பிழைபட்ட கட்டத்தை அழித்து வரையலாம்; வெயிலில் காத்து நின்ற தோழர்க்கு வீணே கழிந்த விடுமுறை நாளை மீட்டுத் தருதல் அரிது.