அஞ்சடிப் பேச்சு: மோட்டார் கெட்டுப் போச்சா, தம்பி?

நாற்பது வயதைத் தாண்டிய ஓர் ஆள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் வந்தால், நம் பக்கத்தில் அவரை யாரும் சும்மா விடுவதில்லை. "என்னா தம்பி, மோட்டார் கெட்டுப் போச்சா?" என்று கோயில் வாசலில் ஒருவர் கேட்பார். பசியாறக் கடைக்குப் போனால் ரொட்டி சானாய் வீசுகிறவர், "லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்களாண்ணே?" என்பார். கொஞ்சம் அக்கறையுள்ள பெரியம்மாவாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, "டாக்டர் ஏதும் சொன்னாராய்யா? இனிப்பு நீரா?" என்று குரலைத் தாழ்த்துவார். "இல்லை பெரியம்மா, ஆசைக்குத்தான் ஓட்டுறேன்" என்று உண்மையைச் சொன்னால், அதை மட்டும் ஒருவரும் நம்புவதில்லை.

நம்பாததில் நியாயமும் இருக்கிறது. நம் அப்பாவும் தாத்தாவும் ஆசைக்காகவா சைக்கிள் மிதித்தார்கள்? விடியுமுன் பெரட்டுக்குப் போகவும், வேலைக்காட்டிலிருந்து பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டோருக்கு வரவும், சம்பளத்தன்று டவுனுக்குப் போய் அரிசி மூட்டையைக் கேரியரில் கட்டி வரவும் மிதித்தார்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள் வந்த அன்றைக்கு அந்தப் பழைய சைக்கிள் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டது. கஷ்ட காலத்துச் சாமான் என்று ஒதுக்கியதை ஒருவன் நல்ல காசு கொடுத்து மறுபடி வாங்கி, வேர்த்து விறுவிறுத்து மேடு ஏறுகிறான் என்றால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆனாலும் சைக்கிளுக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அது மலாக்காவிலேயே தொடங்கிய கணக்கு என்பதால் இங்குள்ள வாசகர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்றொரு மாட்டு வைத்தியர் இருந்தார். தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல் ரோட்டில் தடதடவென்று ஆடுவதைப் பார்த்து, ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றிக் கொடுத்தார். 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு வந்த பத்து ஆண்டுகளில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சைக்கிள் மோகம் பிடித்து ஆட்டியது. மோட்டார் கார் சாதாரண மக்களின் கைக்கு எட்டியதெல்லாம் பிற்பாடுதான். சைக்கிள் டயருக்கு ரப்பர் வேண்டும் என்ற பசி முதலில் கிளம்பிவிட்டது.

அதே 1888-ஆம் ஆண்டில்தான் ரிட்லி என்ற வெள்ளைக்காரர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்து சேர்ந்தார். காப்பியும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்த முதலாளிகளிடம் ரப்பர் விதையை நீட்டி, "நடுங்கள், நடுங்கள்" என்று ஓயாமல் வற்புறுத்தினார். பைத்தியக்கார ரிட்லி என்று பட்டம் கட்டியதுதான் மிச்சம். மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தவரும் அவரே. அந்தப் பைத்தியத்தின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் மலாக்காக்காரரான தான் சாய் யான். சிங்கப்பூர் மருத்துவமனைக்குப் பெயர் தந்த தான் தோக் செங்கின் பேரன். 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் சுமார் நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். வியாபாரத்துக்காக இந்த நாட்டில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் ஆசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். அதற்கப்புறம் நாடெங்கும் தோட்டங்கள், கங்காணிகள், கப்பல்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறிய கதை உங்களுக்கே தெரியும்.

ஆக, எங்கோ ஒரு பிள்ளையின் வண்டிச் சக்கரம் ஆடியதற்கும் நாம் ஜாசினில் பிறந்ததற்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது. மண்டோருக்கு இது தெரிந்திருந்தால், பால் குறைந்த அன்று டன்லப்பைத்தான் திட்டியிருக்க வேண்டும்!

சைக்கிள் இங்கே இன்னொரு முறையும் பெரிய வேலை செய்தது. அதை நினைத்தால் இனிக்காது. 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர் சைக்கிளிலேயே தெற்கே வந்தார்கள். டயர் பஞ்சரானால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டியிருக்கிறார்கள். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் டாங்கி வருவதாக எண்ணி நடுங்கினார்களாம். 1942 ஜனவரி 14-இல், நம் தம்பின் பக்கத்துக் கெமென்சே ஆற்றுப் பாலத்தில், கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் வந்த ஜப்பானியப் படையை ஆஸ்திரேலியர்கள் பாலத்தோடு வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தக் காலத்தில் ஊராரின் சைக்கிள்களையும் ஜப்பான்காரன் விட்டுவைக்கவில்லை.

இருக்கட்டும். இப்போது ஆசைக்கு ஓட்டுகிறவர்களின் கதைக்கு வருவோம்.

மலாக்கா சைக்கிளுக்கென்றே படைத்த ஊர் என்பது என் கட்சி. பகாங்கைப் போல மலையாகவும் இல்லை, மிதித்தால் சலித்துப் போகும் அளவுக்குச் சமமாகவும் இல்லை. அலோர்காஜாவிலிருந்தோ ஜாசினிலிருந்தோ டவுனுக்கு இருபது முப்பது கிலோமீட்டருக்குள்தான். செலாண்டாரைத் தாண்டி ஆசகான் பக்கம் போனால் லேடாங் மலை, 1,276 மீட்டர், எதிரே எழுந்து நிற்கும். காரில் போகிறவருக்கு அது ஒரு மலை. சைக்கிளில் போகிறவருக்கு அது ஒவ்வொரு வளைவிலும் வேறு மலை. மேகம் எந்தப் பக்கம் தொங்குகிறது, இன்னும் எத்தனை நிமிடத்தில் மழை பிடிக்கும் என்று அதைப் பார்த்தே சொல்லப் பழகிவிடலாம். மாசி மகத்துக்கு முந்திய வாரம் செங் பக்கம் போய், சன்னாசிமலைக் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினால் வெயில் ஏறுமுன் வீட்டில் இருக்கலாம்.

மூக்குக்குக் கிடைக்கும் சுகம் தனி. செம்பனைக்குள் போகும்போது மண்ணின் ஈர வாசனை, கம்போங்கைக் கடக்கும்போது யார் வீட்டிலோ தேங்காய்ப் பாலில் நாசி லெமாக் வேகும் வாசனை, நம் ஆட்கள் இருக்கும் தாமானில் நுழைந்தால் தாளிக்கும் வாசனை. எந்த வீட்டில் கருவாடு என்பதுகூடத் தெரிந்துவிடும். ஒரு தோட்டத்து லயம் இருந்த இடத்தை வெறும் நெடிய செம்பருத்தி வேலியையும் ஒரு முனீஸ்வரர் கோயிலையும் வைத்து அடையாளம் கண்டுபிடிப்பது சைக்கிள்காரருக்குத்தான் முடியும். காரில் போகிறவர்கள் அதற்குள் அடுத்த சந்திப்புக்குப் போயிருப்பார்கள்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். அதில் முதலிடம் செம்பனை மட்டை முள்ளுக்கு. ரப்பர்க் காலத்தில் காலடியில் விதைதான் உருண்டது. செம்பனை வந்ததும், குலை வெட்டும்போது கழிக்கும் மட்டையின் அடிப்பகுதியில் இருக்கிற முள் எல்லாத் தோட்டத்துச் சாலைக்கும் வந்துவிட்டது. குத்தியதும் காற்று போனாலாவது தெரியும். அது போகாது. டயரில் ஒடிந்து நின்றுகொண்டு, புது டியூப் மாட்டி அரை மைல் போனதும் மறுபடி குத்தும். ஆகையால் பஞ்சர் ஒட்டுகிறவர் டியூபைப் பார்ப்பதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரலிலும் குத்தும், அதற்கு நான் என்ன செய்ய?

ஒட்டுவதிலும் நம் ஆட்களுக்குப் பொறுமை போதாது. டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் குறித்து, துடைத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது ஈரம் போய்க் கையில் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகுதான் ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு வைப்பதால்தான் பாதி ஒட்டுகள் பிய்ந்து வருகின்றன. "கடையில கொடுத்தா செஞ்சிடுவாங்க" என்பீர்கள். டவுனில் முன்பு தெருவுக்கு ஒரு சீனர் சைக்கிள் கடை இருந்தது. இப்போது எத்தனை மிச்சம், எண்ணிப் பாருங்கள்.

பிறகு நாய்கள். கார் வந்தால் எழுந்திருக்காத நாய் சைக்கிளைக் கண்டால் எழுந்து ஓடி வரும். வேகமாக மிதித்தால் அதற்குக் கொண்டாட்டம். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நின்றால் அதன் உற்சாகம் பெரும்பாலும் வடிந்துவிடும். லாரிகளுக்கு அப்படி ஒரு வழியும் இல்லை. அலோர்காஜா–மலாக்கா–ஜாசின் நெடுஞ்சாலையில் மணல் லாரி உரசிக்கொண்டு போகும்போது காற்றே ஆளை உள்ளே இழுக்கும். அந்தச் சாலையை விட்டு, நேரம் கூடினாலும் உள் சாலையிலேயே போங்கள் என்பேன்.

இனிச் சொல்லப்போவதை அப்பா அம்மாக்கள் கவனிக்க வேண்டும். 2017 பிப்ரவரி 18 விடியற்காலை ஜொகூர் பாருவில், பிரேக் கழற்றி மாற்றியமைத்த சைக்கிள்களில் சாலையில் ஓட்டிய பிள்ளைகள் எட்டுப் பேர் கார் மோதி இறந்தார்கள். பதின்மூன்று முதல் பதினாறு வயதுப் பிள்ளைகள். நள்ளிரவு தாண்டி மூன்று மணி. அந்த வகைச் சைக்கிளை மலாய்க்காரர் 'பசிக்கால் லஜாக்' என்கிறார்கள். நம் தாமான்களிலும் அது இல்லாமல் இல்லை. பையனின் சைக்கிளைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு பிரேக்கும் இருக்கிறதா, ஹேண்டல்பாரைத் தாழ்த்தி வைத்திருக்கிறானா, பின்னால் சிவப்பு ஒளிக்கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். பறித்துப் பூட்டி வைத்தால் அடுத்த தெருப் பையனுடையதில் ஏறிக்கொள்வான். பகலில் அவனோடு கூடவே ஓட்ட ஓர் ஆள் இருந்தால் கதை வேறு. வேகம்தான் அவனுக்கு வேண்டுமென்றால் அதற்கும் ஓடுதளம் இருக்கிறது. டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங் 2017-இல் உலக வீரரானதும், 2021-இல் தோக்கியோவில் வெள்ளி வாங்கியதும் ஓடுதளத்தில்தான். நம்மவர் எம். குமரேசன் 1980-களிலும் 90-களிலும் நாட்டுக்காக ஓட்டியதும் அங்கேதான். அந்தப் பெயரைப் பையன்களிடம் ஒருதடவை சொல்லுங்கள்.

சின்னக் குழந்தையைக் கேரியரில் உட்கார வைத்து ஆயாக்கொட்டகைக்கோ பாலர் பள்ளிக்கோ கொண்டுபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தை தூக்கக் கலக்கத்தில் காலைத் தொங்கப்போடும். குதிகால் சக்கரக் கம்பிக்குள் போய்விடும். அந்தக் காயம் சாதாரணத்தில் ஆறாது. பின் சக்கரத்தின் இரு பக்கமும் தடுப்புத் தகடு போட்டு, கால் வைக்கக் கம்பியும் பொருத்தாமல் ஏற்ற வேண்டாம்.

கோழிக்கூண்டுப் பக்கத்துச் சைக்கிளை எடுத்து வெளியில் போடலாமா என்று இதைப் படித்து யாராவது நினைத்தால், வண்ணம் அடிப்பதில் தொடங்காதீர்கள். டயரை வளைத்துப் பாருங்கள், ஓரத்தில் வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டியதுதான். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, காய்ந்தபின் சைக்கிள் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது தூசியைப் பிடித்துக் களியாக்கும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று பாதிப் பேர் விட்டுவிடுவது சீட்டு தாழ்ந்திருப்பதால்தான். கடைசியாகப் பிரேக் ரப்பர்க் கட்டையை நகத்தால் அழுத்துங்கள். கல்லாகியிருந்தால் மழையில் அது பிடிக்காது; நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். சில வெள்ளிதான்.