ஆளை நேரில் பார்த்து வரைவோம்

ஓவியத்தில் ஆர்வமுள்ள நம் மாணவர்களின் வரைநோட்டுகளில் நடிகர்களின் முகங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எல்லாம் கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைந்தவை. முகம் அச்சாக வந்திருக்கும். ஆனால், எதிரே நிற்கும் ஓர் ஆளை முழுதாக வரையச் சொன்னால் பலருக்குக் கை ஓடாது.

காரணம் எளிது. படம் உடலைத் தட்டையாக்கித் தந்துவிடுகிறது. பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, அதற்கேற்ப இடுப்பு எப்படிச் சாய்கிறது என்பதை நேரில் பார்த்தால்தான் பிடிக்க முடியும். அதனால்தான் கலைக்கல்லூரிகளில் ஆளை நிறுத்தி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று விரைவுக் கோடுகளில் கையைப் பழக்குகிறார்கள்.

சென்னை மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலையைத் திரைப்படங்களில் பார்த்திருப்போம். பாறையை நெம்பும் நான்கு பேர். 1959-இல் திறக்கப்பட்ட அச்சிலையை வடித்தவர், சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவருக்கு மாதிரியாக நின்றவர்களில் கல்லூரிக் காவலாளியும் ஒருவர் என்பார்கள். அதே கல்லூரியில் பின்னாளில் பயின்றவர்தான் நம் நாட்டு ஓவியர் சையட் தாஜுதீன்.

"மாடல்" என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். ஐரோப்பியக் கலைக்கூடங்களில் ஆடையின்றி நிற்கும் வழக்கம் உண்டு. நாம் தொடங்க அது தேவையில்லை. கைலியும் சட்டையும் போதும். மூட்டு எங்கே மடங்குகிறது என்பதைத் துணியின் மடிப்பே காட்டிவிடும்.

இந்நாட்டில் ரப்பர் வணிகப் பயிராகத் தொடக்கத்திலேயே வேரூன்றிய இடங்களில் மலாக்காவும் ஒன்று. இம்மாநிலத் தோட்டங்களில் குனிந்து பால்மரம் வெட்டி, காண்டா வாளி சுமந்தவர்கள் இன்று ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் நம் தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். பல தோட்டங்களில் ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. ஆனால், கத்தி பிடித்த விதமும் மரத்தைச் சுற்றி நகர்ந்த விதமும் அவர்கள் உடலில் இன்னும் இருக்கின்றன. கேட்டால் நின்று காட்டுவார்கள். அவர்கள் காலத்திற்குப் பிறகு அதை எந்தப் படத்தில் தேடுவோம்?

காட்சிக் கலை கற்பிக்கும் பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் மாதம் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாம். முறையாக அனுமதி கேட்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு தர வேண்டும். அசையாமல் நிற்பதும் உழைப்பே. அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். வரைந்ததை முதலில் அவர்களிடமே காட்ட வேண்டும். பென்சிலும் தாளும் நம்மிடம் இருக்கின்றன. வரும் பள்ளி விடுமுறையிலேயே தொடங்கலாம்.